பொரியாத சோளமும் மார்லிஸின் படமும்

நாற்பது வீடு, நாற்பது சமையலறை மேசை என்று கணக்குப் போட்டு, தன் பாப்கார்ன் கம்பெனிக்காகக் குறை கேட்கக் கிளம்பியவள் மார்லிஸ் ஹ்ருஸ்கா. புதன்கிழமை காலைக்குள் முப்பத்தொரு வீடு முடிந்துவிட்டது. ஒரு வீட்டிலும் ஒருவர்கூட ஒரு குறை சொல்லவில்லை.

நெப்ராஸ்கா மாநிலத்து ஆட்களிடம் குறை கேட்டு வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. பாப்கார்ன் கருகுகிறதா என்று கேட்டால், ஆமாம், அது என் தப்புதான், பக்கத்திலேயே நின்றிருக்க வேண்டும் என்பார்கள். பாதிச் சோளமணி பொரியாமல் அடியில் கிடக்கிறதா என்று கேட்டால், எங்கள் மைக்ரோவேவ் பழசு, பாவம், அதுவும் என்னதான் செய்யும் என்பார்கள். திங்கட்கிழமை பார்த்த லாயிட் என்ற கிழவர், கருகினதெல்லாம் எங்கள் நாய்க்குப் பிடிக்கும், அதனால் எதுவும் வீணாவதில்லை என்று சிரிக்காமல் சொன்னார். நாய் மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு மார்லிஸை முறைத்தது. அந்த வாரம் அவள் பார்த்த ஒரே நேர்மையான வாடிக்கையாளர் அதுதான்.

கூட வந்த டிரெண்ட் ஆஷ்பிக்குப் பொறுமை போய்விட்டது. நாற்பதை நெருங்குகிற ஆள், எப்போதும் இஸ்திரி கலையாத சட்டை. விற்பனை ஏன் விழுந்தது என்று கண்டுபிடிக்க ஹேக்மையர் பாப்கார்ன் கம்பெனி அவனைச் சிகாகோவிலிருந்து வரவழைத்திருந்தது. இரண்டு வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கு விற்பனை போய்விட்டது. அவனும் வந்ததும் வராததுமாகத் தொலைபேசியில் முந்நூறு பேரைக் கூப்பிட்டுக் கேட்டான். முந்நூறு பேரும் ‘நல்லாத்தான் இருக்குங்க’ என்றார்கள். நல்லாத்தான் இருக்கிறது என்பவர்கள் ஏன் வாங்குவதில்லை என்பது அவனுக்குப் புரியவில்லை. கடைசியில் பழியைத் தூக்கிச் சோளத்தின் மேல் போட்டான். இரண்டு வருஷமாக மழை இல்லை, இந்தப் பள்ளத்தாக்கில் விளைகிற மணி இறுகிப்போய்விட்டது, இண்டியானாவில் வாங்கிக்கொள்ளலாம் என்று அறிக்கை எழுதி முதலாளி கர்ட்டிஸ் ஹேக்மையரின் மேசையில் வைத்தான்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் கர்ட்டிஸ் அதில் கையெழுத்துப் போட்டால், இருபத்திரண்டு குடும்பங்களின் விளைச்சலை இனி கம்பெனி வாங்காது. அதில் ஒரு குடும்பம் மார்லிஸின் தம்பி டுவேனுடையது.

மார்லிஸ்தான் கர்ட்டிஸின் அறைக்குள் போய் நின்று ஒரு வாரம் அவகாசம் கேட்டாள். நம் ஆட்கள் தொலைபேசியில் வாய் திறக்க மாட்டார்கள், வீட்டுக்குப் போய் உட்கார்ந்தால் சொல்வார்கள், நான் போகிறேன் என்றாள். கர்ட்டிஸ் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தம்பி சமாசாரம் அவருக்குத் தெரியாமல் இல்லை. “சரி, போங்க. டிரெண்ட்டையும் கூட்டிட்டுப் போங்க” என்றார். கண்காணிப்புக்குத்தான் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவள் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

டுவேனும் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் அந்தச் சந்தேகத்தைத்தான் வேறு மாதிரி சொன்னான். “மார்லிஸ், சோளத்துலதான் கோளாறுன்னா அப்படியே சொல்லிரு. எனக்காக எதையும் பூசி மெழுகாத” என்றான். சொல்லிவிட்டு உருளைக்கிழங்கை இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டான். அதோடு பேச்சு முடிந்தது. நாற்பது வருஷமாக நிலத்தை நம்பி வாழ்ந்தவன் அதற்கு மேல் பேச மாட்டான். அக்காவுக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

மார்லிஸுக்கு ஐம்பத்தேழு வயது. பத்தொன்பது வருஷமாக அந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர் தொலைபேசியை எடுப்பவள் அவள்தான். கூப்பிட்டவர் பெயர், ஊர், என்ன சொன்னார், தான் என்ன பதில் சொன்னாள் எல்லாவற்றையும் ஒரு அட்டையில் எழுதி அடுக்கிவைப்பாள். கம்ப்யூட்டர் வந்தபிறகும் அந்த அட்டைகளை விடவில்லை. அவள் குரலுக்கென்றே கூப்பிடுகிறவர்கள் இருந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கர்ட்டிஸ் அவளைக் கூப்பிட்டு, பாப்கார்ன் பெட்டியின் பக்கவாட்டில் உங்கள் படத்தைப் போட்டு ஒரு யோசனை அச்சடிக்கப்போகிறோம், என்ன சொல்லலாம் என்று கேட்டார்.

அவளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. தானியம் என்றால் ஈரம் படக்கூடாது. அவளுக்குப் பதினாறு வயதிருக்கும்போது அப்பாவின் தகரக் குதிரில் ஈரம் இறங்கி ஒரு வருஷத் தீவனச் சோளம் முழுக்கப் பூஞ்சணம் பிடித்துப்போனது. அந்த நாற்றம் இன்னும் அவள் மூக்கில் இருக்கிறது. அதனால், ‘வீட்டுக்கு வந்ததும் பைகளின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிடுங்கள், உள்ளே வேர்க்கும். ஈரம் படாமல் பிரிட்ஜுக்கு மேலே கதகதப்பாக வையுங்கள்’ என்று எழுதிக்கொடுத்தாள். கூட்டத்தில் ஆறு அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு பேர் வீட்டிலும் குதிர் உண்டு. ஆறு பேரும் தலையை ஆட்டினார்கள்.

‘மார்லிஸ் சொல்கிறார்’ என்று பெட்டி வந்தது. வட்டத்துக்குள் சிரிக்கிற அவள் முகம். மார்லிஸுக்குப் பெருமை என்றால் அப்படி ஒரு பெருமை. முதல் பெட்டியை விரித்துச் சட்டம் போட்டுச் சமையலறைச் சுவரில் மாட்டினாள். டுவேன் இன்னொன்றை வாங்கிப் பிக்கப் வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே சாய்த்துவைத்தான். மளிகைக் கடையில் முன்பின் தெரியாதவர்கள், நீங்கள் அந்தப் பெட்டிக்கார அம்மாதானே என்று கேட்டார்கள். அப்படி யாராவது கேட்டுவிட்டால் அன்றைக்கு அவள் தேவையே இல்லாமல் இரண்டாம் தடவை கடைக்குப் போவாள்.

முப்பத்திரண்டாவது வீடு வெர்னா டொம்காவுடையது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர். மார்லிஸும் டிரெண்ட்டும் போய் உட்காருவதற்குள் காபியும் பழக்கூழ் வைத்த கொலாச்சி ரொட்டியும் மேசைக்கு வந்துவிட்டன. டிரெண்ட் போதும் என்றான். வெர்னா இரண்டாவதை வைத்தார். அவன் போதவே போதும் என்றான். மூன்றாவதை வைத்தார்.

வழக்கமான கேள்விகளுக்கு வழக்கமான பதில்கள். எல்லாம் நல்லாத்தான் இருக்கிறது, ஏதாவது கருகினால் அது தன் கவனக்குறைவு. அதுவரை எந்த வீட்டிலும் கேட்காத மார்லிஸ், இங்கே ஒரு தடவை பொரித்துக் காட்டச் சொன்னாள். வெர்னா எழுந்து பிரிட்ஜுக்கு மேலிருந்து ஒரு கூடையை இறக்கினார். அதில் காகிதப் பைகள் பிளாஸ்டிக் உறை இல்லாமல், வரிசையாக, தேதி எழுதி நின்றன. தன் யோசனையை ஒருத்தர் இத்தனை ஒழுங்காகக் கடைப்பிடிப்பதைப் பார்த்ததும் மார்லிஸுக்கு உள்ளம் குளிர்ந்தது.

பை மைக்ரோவேவுக்குள் போயிற்று. ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக வெடித்தது. வெர்னா கண்ணாடிக் கதவுக்கு நேரே குனிந்து, இன்னும் பொரியும், இன்னும் பொரியும் என்று காத்திருந்தார். பொரிந்த கொஞ்சமும் அதற்குள் கருகிவிட்டது. புகை வந்தது. அவர் ஜன்னலைத் திறந்துவிட்டு இருவரிடமும் மன்னிப்புக் கேட்டார். டிரெண்ட் குறிப்பேட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “நீங்க அரை நிமிஷம் முன்னாடியே நிறுத்தியிருக்கணும்மா” என்றான்.

“நிறுத்தியிருக்கணும்தான்” என்றார் வெர்னா. “என் புத்தி அப்படி.”

கிண்ணத்தில் கொட்டிப் பார்த்தால் கால்வாசிகூடப் பொரியவில்லை. மார்லிஸ் ஒரு மணியை எடுத்து விரலுக்கிடையில் உருட்டினாள். டுவேன் நிலத்துச் சோளமாகவும் இருக்கலாம். டிரெண்ட் சொல்வதுதான் சரியோ என்று முதல் தடவையாக அவளுக்குப் பயம் வந்தது.

அந்தப் பக்கத்தில் விடைபெறுவது ஒரே வேலை இல்லை, நாலைந்து வேலை. முதலில் உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு கையாலும் தொடையில் தட்டி, சரி, அப்போ கிளம்பலாம் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு மேசைக்குப் பக்கத்தில் நின்று கொஞ்சம், கோட்டு மாட்டுகிற இடத்தில் கொஞ்சம், கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம், வாசலில் கொஞ்சம் பேச வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது பேசுவது விருந்தாளிக்கான பேச்சு. கதவைப் பிடித்தபிறகு வருவதுதான் மனசிலிருப்பது. டிரெண்ட் தொடையைத் தட்டிய சத்தம் கேட்டதுமே எழுந்து, கைகுலுக்கி, நேரே காருக்குப் போய் ஹீட்டரைப் போட்டுக்கொண்டான். முப்பத்தொரு வீட்டிலும் அவன் அப்படித்தான் செய்தான். அவன் காரில் காத்திருக்கிறானே என்று மார்லிஸும் முப்பத்தொரு வீட்டிலும் அவன் பின்னாலேயே ஓடிப்போயிருந்தாள். வெர்னா வீட்டில் அவளுக்கு ஓட மனசு வரவில்லை. கிண்ணத்தில் கிடந்த மணிகள் அவள் காலைக் கட்டிப்போட்டன.

கோட்டு மாட்டுகிற இடத்தில் பனியைப் பற்றிப் பேசினார்கள். வெர்னாவின் முழங்காலைப் பற்றிப் பேசினார்கள். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு சர்ச் சாப்பாட்டைப் பற்றிப் பேசினார்கள். மார்லிஸ் படியில் ஒரு கால் வைத்துவிட்டாள்.

“மார்லிஸ்” என்றார் வெர்னா. “ஒண்ணு சொன்னா மனசுல வெச்சுக்க மாட்டீங்களே?”

“சொல்லுங்க வெர்னா.”

“முன்னெல்லாம் நான் அந்த பிளாஸ்டிக்கைக் கழட்டுனதே இல்ல. அலமாரியில கிடக்கும், அது பாட்டுக்குப் பொரியும். பெட்டியில உங்க படத்தைப் போட்டு நீங்க சொன்ன பெறகுதான் கழட்டி மேல வெச்சேன். அதுக்கப்புறம் ஒரு பைகூட ஒழுங்கா வரல.” சொல்லிவிட்டு அவசரமாக, “உங்களைக் குத்தம் சொல்லலம்மா. நீங்க சரியாத்தான் சொல்லியிருப்பீங்க. எனக்குத்தான் ஏதோ கைப்பக்குவம் போயிருச்சு” என்றார்.

“ஏன் உள்ள உக்காந்திருந்தப்ப சொல்லல?”

“வீடு தேடி வந்தவங்க முகத்துக்கு நேரா எப்படிச் சொல்றது?” என்றார் வெர்னா. அவர் முகம் சிவந்துவிட்டது.

மார்லிஸ் நன்றி சொன்னாள். கூடையிலிருந்து ஒரு பையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். காருக்குப் போகவில்லை, வாசலிலேயே நின்றபடி கைபேசியில் டுவேனைக் கூப்பிட்டாள். நீங்களெல்லாம் கம்பெனிக்கு மணியில் எவ்வளவு ஈரம் வைத்துக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டாள். பதினாலு சதவீதம் என்றான் அவன். இன்னும் நன்றாகக் காய்ந்தால் என்ன ஆகும் என்றாள்.

“காஞ்சா எப்படிப் பொரியும்? உள்ள இருக்கற ஈரம்தானே ஆவியாகி மேல்தோலை உடைக்குது. தீவனச் சோளம் வேற, இது வேறன்னு உனக்குத் தெரியாதா?” என்றான். பிறகு, “ஏன், என்ன ஆச்சு?” என்றான்.

ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டாள். தெரியாது என்று சொல்லவும் முடியாது. காதில் விழுந்திருக்கிறது. மனசுக்குள் அப்பாவின் குதிர் நாற்றம் அதை நுழையவே விடவில்லை. முப்பத்தொரு வீட்டிலும் அத்தனை பேரும் ஏன் தன் முகத்தைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து, என் தப்பு, என் தப்பு என்றார்கள் என்று அவளுக்கு அப்போது விளங்கியது. அவர்கள் சமையலறையைக் கெடுத்த பெட்டியில் இருந்த முகம், அவர்கள் மேசையிலேயே உட்கார்ந்து கொலாச்சி சாப்பிட்டுக்கொண்டு, என்ன குறை என்று கேட்டிருக்கிறது. வெட்கத்தில் அவளுக்கு அந்தக் குளிரிலும் வேர்த்தது.

மீதி எட்டு வீட்டையும் அன்றைக்கும் மறுநாளுமாகப் பார்த்தாள். மேசையில் ஒன்றும் கேட்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். முடித்த வீடுகளை வியாழக்கிழமை தொலைபேசியில் கூப்பிட்டு, பையை எங்கே வைக்கிறீர்கள், உறையோடா உறை இல்லாமலா என்று மட்டும் கேட்டாள். அதில் குறை ஒன்றும் இல்லாததால் எல்லோரும் பளிச்சென்று பதில் சொன்னார்கள். நாற்பதில் முப்பத்துநாலு பேர் உறையைக் கழற்றிப் பிரிட்ஜுக்கு மேலே வைத்திருந்தார்கள். மீதி ஆறு பேர் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காதவர்கள். அந்த ஆறு வீட்டிலும் பாப்கார்ன் பிரமாதமாகப் பொரிந்தது.

டிரெண்ட் அந்தக் கணக்கைப் பார்த்ததும் காரிலேயே துள்ளினான். நல்ல மனசுக்காரன்தான், அவளைக் காப்பாற்றத்தான் நினைத்தான்.

“அப்போ சோளம் தப்பிச்சுது. உங்க தம்பியும் தப்பிச்சார்” என்றான். “மக்கள் வெக்கத் தெரியாம வெக்கறாங்க, அவ்வளவுதான். அப்படியே எழுதிடறேன். அடுத்த பெட்டியில உங்க படத்தைச் சத்தமில்லாம எடுத்திடலாம். உங்க பேரே வராது.”

அது நடக்கக்கூடியதுதான். அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. அந்த முப்பத்துநாலு பேரிடமும் போய் உங்கள் தப்பு என்று சொன்னால், ஆமாம் என்று தலையாட்டிக் காபி கொடுப்பார்கள். பழியை ஏற்கெனவே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறவர்கள். சும்மா இருந்தாலே போதும். அவள் வீட்டு வாசலில் இறங்கி உள்ளே போனாள். சமையலறைச் சுவரில் சட்டத்துக்குள் அவள் முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கூட்டத்தில் கர்ட்டிஸும் அதே ஆறு அதிகாரிகளும் இருந்தார்கள். மார்லிஸ் ஒரு மைக்ரோவேவை உருட்டுவண்டியில் தள்ளிக்கொண்டு வந்தாள். ஒரே நாளில், ஒரே குதிரின் சோளத்தில் அடைத்த இரண்டு பைகள். ஒன்று வெர்னாவின் கூடையிலிருந்து. இன்னொன்று கிடங்கிலிருந்து உறையோடு. வெர்னாவின் பை பொரிந்த லட்சணத்தில் அறைக்குள் புகை சூழ்ந்தது, ஒருவர் இருமினார். கிடங்குப் பை படபடவென்று வெடித்து உப்பி நின்றது. இரண்டையும் தட்டில் கொட்டிப் பொரியாத மணிகளை எல்லோர் முன்னாலும் எண்ணினாள். ஒன்றில் நூற்றாறு. மற்றதில் பதினொன்று.

“சோளத்துல ஒரு குறையும் இல்ல” என்றாள். “மணி காஞ்சு போனா பொரியாது. பொரியாததுக்காகக் காத்திருந்தா பொரிஞ்சது கருகும். ரெண்டும் ஒரே கோளாறுதான்.”

டிரெண்ட் சுவர்த் திரையில் தன் புது அறிக்கையைக் காட்டினான். முதல் வரியில் ‘வாடிக்கையாளர் தவறு’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. கர்ட்டிஸ் தலையை ஆட்டத் தொடங்கினார். மார்லிஸ் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்த வரியை மாத்துங்க, டிரெண்ட்” என்றாள். “அவங்க ஒரு தப்பும் பண்ணல. நான் சொன்னதை ஒரு எழுத்து விடாம செஞ்சாங்க. தப்பு என்னோடது. என் பேரைப் போடுங்க.”

கர்ட்டிஸ் பெட்டியை எடுத்து அந்த வட்டத்தைப் பார்த்தார். பிறகு ஆறு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். ஆறு பேரும் தட்டிலிருந்த மணிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

“அன்னைக்கு நாங்க ஏழு பேரும் தலையாட்டுனோமே, மார்லிஸ்” என்றார். “எங்க வீட்டுலயும் பிரிட்ஜ் மேலதான் இருக்கு.” பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, இண்டியானாப் பேச்சு இனி வேண்டாம், பழையபடி நம் ஆட்களிடமே வாங்கிக்கொள்ளலாம் என்றார். அடுத்த அச்சில் அவள் படத்தை எடுத்துவிடலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்றும் சொன்னார்.

“படம் இருக்கட்டும்” என்றாள் மார்லிஸ். “எழுத்தை மட்டும் மாத்துங்க.”

ஏப்ரலில் புதுப் பெட்டி வந்தது. அதே வட்டம், அதே சிரிப்பு. கீழே, ‘மார்லிஸ் சொல்கிறார்: நான் முன்னே சொன்னது தப்பு. உங்கள் மேல் ஒரு குறையும் இல்லை. உறையைக் கழற்றாதீர்கள்.’ டுவேன் பிக்கப்பில் பழைய பெட்டியை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தான். சோளம் எடைபோடுகிற இடத்தில் வருகிறவன் போகிறவனையெல்லாம் கூப்பிட்டு, படிச்சுப் பாரு, எங்க அக்கா என்று காட்டினானாம். அவள் வீட்டுச் சுவரிலும் சட்டம் அதேதான், உள்ளே இருந்த அட்டை மட்டும் மாறியது. மார்லிஸுக்கு முதல் பெருமையைவிட இது பெரிதாக இருந்தது. ஏனென்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை, சொல்லச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

பெட்டி கடைக்கு வரும்வரை அவள் காத்திருக்கவில்லை. கூட்டம் முடிந்த அன்றைக்கே பத்தொன்பது வருஷத்து அட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு, ஈரம் படாமல் வையுங்கள் என்று யார் யாருக்குச் சொன்னாளோ அவர்களையெல்லாம் கூப்பிட உட்கார்ந்துவிட்டாள். முதலில் கூப்பிட்டது வெர்னாவை.

“ஐயோ, விடுங்கம்மா. என் மேலயும் தப்பு இருக்கும்” என்றார் வெர்னா.

“இல்ல வெர்னா. உங்க மேல எதுவும் இல்ல. முழுக்க என்னோடது.”

அந்தப் பக்கம் வெர்னா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது.

“அப்படின்னா ஒண்ணு சொல்லட்டுமா?” என்றார் வெர்னா. “உங்க பாப்கார்ன்ல உப்பு ஜாஸ்தி. எப்பவுமே ஜாஸ்திதான்.”

மார்லிஸ் ஒரு புது அட்டையை எடுத்தாள். பேனாவைத் திறந்து, வெர்னாவின் பெயரை எழுதி, “இன்னும் சொல்லுங்க” என்றாள்.